பட்டினி வெட்டிய வாய்க்கால்

பேசின் பாலத்தருகே வண்டி மெதுவாக ஊரும். சன்னலோரத்தில் அமர்ந்திருப்பவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். எதிரே இருப்பவர் கைக்குட்டையைத் தேடுவார். ஒன்றுமறியாக் குழந்தை, கீழே கறுப்பாகக் கிடப்பதைக் காட்டி, "அது என்னப்பா?" என்று கேட்கும். "சாக்கடை" என்பார் தகப்பனார். வண்டி சென்ட்ரலில் போய் நிற்கும். பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

சாக்கடை அல்ல, தோழர்களே, அது வாய்க்கால்! உப்பும் விறகும் கிளிஞ்சலும் நெல்லும் ஏற்றிக்கொண்டு, பாய் விரித்த தோணிகள் அணி அணியாக வந்து நின்ற வாய்க்கால். கிருஷ்ணா ஆற்றங்கரையிலிருந்து நமது சென்னைக்கும், சென்னையிலிருந்து தெற்கே மரக்காணத்துக்கும் போய்வர வழி தந்த வாய்க்கால். சுமார் 420 கிலோமீட்டர் நீளம்! அதில் 257 ஆந்திரத்தில்; 163 தமிழகத்தில். பக்கிங்காம் கால்வாய் என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ இங்கிலாந்து அரண்மனையின் கொல்லைப்புறத்தில் ஓடுவது போலத் தோன்றும். ஓடுவதோ கொருக்குப்பேட்டையிலும், தண்டையார்பேட்டையிலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும். உழைக்கும் மக்கள் குடியிருக்கும் ஓரமெல்லாம்.

இந்த வாய்க்காலைச் சீரமைக்கப் போகிறோம் என்ற பேச்சு ஆண்டுதோறும் கேட்கிறது. மழைக்காலம் வந்தால் உரக்கக் கேட்கிறது. சீரமைக்கட்டும், வேண்டாமென்போர் யார்? ஆனால் சீரமைப்பு எங்கிருந்து தொடங்குகிறது, யார் வீட்டு வாசற்படியில் முதல் கடப்பாரை விழுகிறது என்று பார்க்கும் கடமை நமக்கு உண்டு. அதற்கு, வாய்க்கால் யாரால் வந்தது, யாரால் கெட்டது என்ற கணக்கு முதலில் தெரிய வேண்டும்.

1806 ஆம் ஆண்டு. கம்பெனியார் ஆட்சி. பேசில் கோக்ரேன் என்ற வெள்ளையர் பணம் போட்டு, சென்னைக்கு வடபுறத்திலிருந்து எண்ணூர் வரை, பதினொரு மைல் நீளத்துக்கு ஓர் உப்புநீர் வாய்க்கால் வெட்டுவித்தார். கோக்ரேன் கால்வாய் என்றே அப்போது அதற்குப் பெயர். யார் இந்தக் கோக்ரேன்? கம்பெனி உத்தியோகஸ்தர், பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்கு உணவுப் பண்டம் வழங்கும் குத்தகை எடுத்துப் பெரும் பொருள் திரட்டியவர். சென்னையில் சேர்த்த செல்வத்தோடு லண்டன் திரும்பிப் பெரியதொரு மாளிகையில் குடியேறி, அங்கே நீராவிக் குளியல் நிலையம் ஒன்று நடத்தினார். நம்மவர் வேகும் வெயிலில் மண் வெட்டினார்கள். துரைமகனார் சீமையில் ஆவியில் குளித்தார்! ஆனாலும் ஒன்றை மறுக்கமாட்டோம். லாபத்துக்காகவே வெட்டினார் என்றாலும், வெட்டிய இடம் சரியான இடம். கடற்கரையை ஒட்டினாற்போல், அலைக்கு அஞ்சாமல் சரக்குத் தோணி போய்வர ஒரு வழி. துறைமுகம் என்ற ஒன்று சென்னைக்கு இல்லாத நாள் அது. சரக்கெல்லாம் மசூலாப் படகில் அலையோடு மல்லுக்கட்டிக் கரையேறிய காலம்.

1837 இல் சர்க்கார் அந்த வாய்க்காலைத் தானே எடுத்துக்கொண்டது. படிப்படியாக வடக்கே நீட்டியது; பழவேற்காடு ஏரியைத் தொட்டு, ஆந்திரக் கரையோரமாகவே போய், கிருஷ்ணா ஆற்றுக் கால்வாய்களோடு பெத்தகஞ்சத்தில் கைகோத்தது. தெற்கேயும் அடையாற்றிலிருந்து மரக்காணம் நோக்கி வாய்க்கால் வளர்ந்தது. ஆனால் இடையிலே ஓர் இடைவெளி. வடக்குத் துண்டு கூவத்தோடு நின்றது; தெற்குத் துண்டு அடையாற்றில் தொடங்கிற்று. நடுவே எட்டு கிலோமீட்டர், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கம், வாய்க்கால் இல்லை. வடக்கேயிருந்து வந்த தோணி தெற்கே போக வழியில்லை. அந்த எட்டு கிலோமீட்டரைத் தோண்டியது யார்? இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும்.

1876 இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாடு செத்தது, மனிதன் செத்தான். ஊர் ஊராக வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டக்கூட ஆளில்லாத வீடு திறந்து கிடந்தது. 1878 முடிவதற்குள் தென்னாட்டிலும் மேற்கிலுமாக மாண்டோர் தொகை ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பட்டணத்துக்குப் போனால் கஞ்சியாவது கிடைக்கும் என்று செங்கற்பட்டு மாவட்டத்துக் குடியானவனும், அவன் நிலத்தில் கூலி வேலை செய்த சேரித் தோழனும் நடந்தார்கள். இராயபுரத்து மணியக்காரர் சத்திரம் அவர்களுக்குத் தெரிந்த பெயர். 1782 இல் போரும் பஞ்சமும் சூழ்ந்த வேளையில் கஞ்சி வார்க்க ஏற்பட்ட இடம் அது. இன்று ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று பலகையில் எழுதியிருந்தாலும், வடசென்னைத் தாய்மார் வாயில் அது கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதானே! ஒரு பேட்டையின் பெயரில் பசி எத்தனை தலைமுறை குடியிருக்கிறது, பாருங்கள்.

1877 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், டில்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். விக்டோரியா அம்மையாருக்கு இந்தியச் சக்கரவர்த்தினி என்று பட்டம்! பல்லாயிரம் பேருக்கு விருந்து! தென்னாட்டிலே பிணம் பொறுக்க ஆளில்லை. தானியம் கப்பலேறிச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்தது. வாணிபத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்பது அவர்களது பொருளாதார வேதம். அதே மாதத்தில், பஞ்ச நிலைமையைப் பார்த்து வரச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி. அவர் கண்ட சிக்கனம் என்ன? நிவாரண வேலையில் நாள் முழுதும் உழைக்கும் ஆண்மகனுக்கு ஒரு ராத்தல் தானியம், மேற்கொண்டு ஓரணா. ஒரு ராத்தல் என்றால் 450 கிராம்! மண் வெட்டுகிறவனுக்கு, மண் சுமக்கிறவனுக்கு! மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த கார்னிஷ் என்ற டாக்டர், அவரும் வெள்ளையர்தான், இந்தக் கூலியில் உடம்பு நிற்காது, இது மெல்லக் கொல்லும் ஏற்பாடு என்னும் கருத்தில் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவர் நேர்மையை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். நல்லவர் ஒருவர் எழுந்து எதிர்த்தும், மாதக்கணக்கில் அந்தக் கூலி நடந்தது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பஞ்ச ஆண்டுகளில், பஞ்ச நிவாரண வேலை என்ற பெயரிலே வெட்டினார்கள் அந்த எட்டு கிலோமீட்டரை! எலும்பு மேல் தோல் போர்த்தவர்கள் வெட்டினார்கள். இடுப்பிலே குழந்தை, தலையிலே கூடை என்று தாய்மார் சுமந்தார்கள். கூவமும் அடையாறும் கைகோத்தன. 1878 இல் வேலை முடிந்தது. முடிந்ததும் பெயர் சூட்ட வேண்டுமல்லவா? யார் பெயரைச் சூட்டுவது? மண் வெட்டிய முனியன் பெயரையா? கூடை தூக்கிய காத்தாயி பெயரையா? அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். 1875 முதல் 1880 வரை கவர்னர். கோட்டையில் அமர்ந்து ஆணையிட்டவர் அவர். அவர் பெயரே வைத்தார்கள், அந்த எட்டு கிலோமீட்டருக்கு மட்டுமா? பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை முழு நீளத்துக்கும்!

இதே பெயரைப் பெரம்பூர்த் தோழர்கள் இன்னோர் இடத்திலும் கேட்டவர்கள். கோமகன் ஆண்ட அந்த ஆண்டுகளில் எழுந்ததுதான் பக்கிங்காம் மில். பின்னர் கர்னாடிக் மில்லோடு சேர்ந்து பி அண்டு சி ஆயிற்று. 1918 இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டது அந்த மில் தொழிலாளரை வைத்துத்தான். 1921 இல் வேலை நிறுத்தமும், துப்பாக்கிச் சூடும், சவ ஊர்வலமும் கண்டது அந்தப் பேட்டை. மில் 1996 இல் மூடிக்கொண்டது. மில்லை ஒட்டி ஓடிய ஓட்டேரி நல்லா மட்டும் இன்றும் ஓடி, பேசின் பாலத்தருகே பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. கோமகனும் கோமகனும் அங்கே சந்திக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் மணம் ஒன்றே.

சரி, வாய்க்கால் வேலை செய்த நாட்களைப் பார்ப்போம். அது கடல் ஏற்றவற்றத்தால் உயிர் வாழ்ந்த வாய்க்கால். எண்ணூர் முகத்துவாரத்திலும், கூவம், அடையாற்று முகத்துவாரங்களிலும் கடல் நாளுக்கு இருமுறை ஏறும், இருமுறை வற்றும். ஏறும்போது உள்ளே வந்த நீர் வற்றும்போது ஓடிவிடாதபடி, ஆறு குறுக்கிடும் இடங்களில் மதகுக் கதவுகள் வைத்துத் தேக்கினார்கள். தோணிக்காரன் கடலின் மூச்சறிந்து தோணி விட்டான். காற்று வாய்த்தால் பாய், வாய்க்காவிட்டால் கழி, கழியும் போதாதென்றால் கரையில் இறங்கித் தோளில் கயிறு மாட்டி இழுப்பு! எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களின் உப்பு, சால்ட் கோட்டர்ஸ் கிடங்குக்கு வந்தது இந்த வழியே. சவுக்கு விறகு வந்தது. பட்டணத்து அடுப்பெல்லாம் எரிந்தது. பழவேற்காட்டுக் கிளிஞ்சல் வந்தது. சூளையில் வெந்து சுண்ணாம்பாகி மாளிகைச் சுவரெல்லாம் வெளுத்தது. பேசின் பாலம் என்கிறோமே, அந்தப் பேசின் எது? தோணிகள் வந்து நின்ற நீர்த்துறைதான் அது! துறை போய்விட்டது, பெயர் நிற்கிறது.

புரட்சிக் கவிஞர் பாரதிதாசன் இந்த வாய்க்காலில் தோணியேறி மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டும் எழுதினார். மற்றக் கவிஞராயிருந்தால் நிலவையும் நீரையும் பாடி, சிற்பத்தைப் பார்த்துச் சொக்கி, வீடு திரும்பியிருப்பார். நம் கவிஞரும் இயற்கையைப் பாடாமல் இல்லை. ஆனால் கரையோடு நடந்து, கயிற்றைத் தோளில் கொண்டு தோணியை இழுத்துப் போகிறவன் அவர் கண்ணில் பட்டுவிட்டான். பட்டபின் அவரால் பொறுக்கவில்லை. உல்லாசப் பயணம் போன இடத்தில் உழைப்பாளியைப் பார்த்த பாட்டு அது. வாய்க்கால் வரலாறு எழுதும் பெரிய புத்தகங்களில் கோக்ரேன் இருப்பார், கோமகன் இருப்பார். கயிறு இழுத்தவனைத் தேடினால் இந்தப் பாட்டில்தான் கிடைப்பான்.

பின் எப்படி மாண்டது வாய்க்கால்? முதல் அடி இரயில் தந்தது. 1856 இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது தென்னாட்டின் முதல் இரயில். 1899 இல் கடலோரமாக வடக்கே பெசவாடா வரை இருப்புப் பாதை போட்டு முடித்தார்கள். வாய்க்காலில் நாட்கணக்கில் வந்த சரக்கு மணிக்கணக்கில் வந்தது. அதைக் குறை சொல்லமாட்டோம், விரைவு வேண்டும்தான். அப்படியும் வாய்க்கால் செத்துவிடவில்லை. விறகும் உப்பும் அவசரப்படுகிற சரக்கல்லவே! தோணி ஓடிற்று. 1953 இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. வாய்க்கால் இரு வீட்டுப் பிள்ளையாயிற்று. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கரையை உடைத்து மண்ணை வாரிக் கொட்டின. உடைந்ததை உருப்படியாக எடுத்துக் கட்ட மனமில்லை. லாரி வந்துவிட்டதே, தோணி எதற்கு என்றார்கள். தோணிக்காரன் கழியைப் போட்டுவிட்டு மூட்டை தூக்கப் போனான்.

தோணி போன பிறகு வந்தது குழாய். வீட்டுக் கழிவு ஒரு புறம். அதற்கு ஊர் முழுதும் பொறுப்பு, நாமும் பொறுப்பு. சாக்கடை வசதி கொடுக்காமல் பேட்டை பேட்டையாகக் குடிவைத்த நிர்வாகம் முதல் பொறுப்பு. ஆலைக் கழிவு மறுபுறம். 1960 களிலிருந்து மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை என்று வரிசையாக எழுந்தன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 இல் எரியத் தொடங்கி 2017 இல் அணைந்தது. முகத்துவாரத்துக்கு அப்பால் வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல். ஆலை வேண்டும் என்று நாமே மேடையேறிக் கேட்டோம். வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று வாய் வலிக்கப் பேசி, தென்னாட்டுக்கும் தொழில் வேண்டும் என்று வாதாடிய வழி நம் வழி. ஆகவே ஆலையை வெறுத்துப் பேசுகிறோம் என்று எவரும் திரிக்க வேண்டாம். ஆலையில் வேலை பார்ப்பதும் நம் தோழன்; ஆலை கக்கும் கழிவில் வலை வீசுவதும் நம் தோழன். இருவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் வித்தையைத்தான் வெறுக்கிறோம். சாம்பல் குழாய் உடைவதும், கரைத்த சாம்பல் வாய்க்காலிலும் கழிமுகத்திலும் படிவதும், தோணி மிதந்த ஆழத்தில் முழங்கால் அளவு நீர் நிற்பதும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன செய்தி. குழாயைப் பழுதில்லாமல் வைத்திருந்தால் ஆலை மூடிப்போகுமா? மின்சாரம் நின்றுபோகுமா?

நகரின் நடுத்துண்டுக்கு வந்தது வேறொரு விதி. பஞ்சத்தில் வெட்டினார்களே, அந்த எட்டு கிலோமீட்டர்! அதற்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் இரயில் விட்டார்கள். 1995 இல் சேப்பாக்கம் வரை, 1997 இல் மயிலாப்பூர் வரை, 2007 இல் வேளச்சேரி வரை. நிலத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம், வாய்க்கால்தான் சும்மா கிடக்கிறதே என்ற கணக்கு. அந்த இரயிலில் நம் தோழர்களும் போகிறார்கள். இரயிலைக் குறை சொல்லவில்லை. நிலையங்களைப் பாருங்கள்: சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை, கால் ஊன்றி நிற்பது வாய்க்காலின் மார்பில்! ஒரு காலத்தில் 25 மீட்டர் அகலமிருந்த நீர்வழி, பல இடங்களில் 10 மீட்டருக்கும் குறைந்து போனது.

இன்னொரு சங்கதி. இந்த வாய்க்காலில் ஆகாயத் தாமரை மண்டுகிறது என்று ஆண்டுதோறும் படம் போடுகிறார்கள். ஆண்டுதோறும் இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள். ஆகாயத் தாமரை உப்புநீரில் வளராத செடி. உப்புநீர் வாய்க்காலில் அது எப்படி மண்டிற்று? கடல் உள்ளே வருவதில்லை; சாக்கடை மட்டுமே வருகிறது! முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, கடலின் மூச்சு வாய்க்காலுக்குள் எட்டவில்லை. செடியை அள்ளிப் பயன் என்ன, கடலைக் கூப்பிடாமல்? தூர் வாருகிறோம், தூர் வாருகிறோம் என்று ஆண்டுதோறும் ஒப்பந்தம் விடுகிறார்களே, வாரிய தூரைக் கரையிலேயே கொட்டி, அடுத்த மழைக்கு அதே தூர் உள்ளே இறங்கும் அழகை வியாசர்பாடிக்காரர் எத்தனை முறை பார்த்திருக்கிறார்! இருமுறை பணம் கொடுத்து ஒரே சேற்றை வாங்குகிறோம்.

இந்தக் கெட்டுப்போன நிலையிலும் அந்த வாய்க்கால் நமக்குச் செய்த உதவியைச் சொல்லாமல் விட்டால் நன்றி கொன்றவராவோம். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஆழிப்பேரலை வந்தது. கரையேறி ஊருக்குள் பாய்ந்த நீரை, கரைக்கு இணையாக ஓடும் இந்த வாய்க்கால் பல இடங்களில் வாங்கிக்கொண்டது. பெத்தகஞ்சம் முதல் சென்னை வரை வாய்க்கால் நிரம்பி, கால் மணி, இருபது நிமிடத்தில் நீர் மீண்டும் கடலுக்கு வடிந்தது என்றும், அதனால் மீனவர் உயிர்கள் தப்பின என்றும் ஆய்வாளர் எழுதியிருக்கிறார்கள். பட்டினிக்காரன் வெட்டிய பள்ளம், 126 ஆண்டு கழித்து மீனவன் உயிரைத் தாங்கிற்று. எந்தக் கோமகனும் நினைத்துப் பார்க்காத பயன் அது.

அந்த மீனவனுக்கு நாம் செய்த கைம்மாறு என்ன? 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். மழை வெள்ளம் மணலியைச் சூழ்ந்தது. வெள்ளத்தோடு எண்ணெய் கலந்தது. எண்ணெய் எந்த வழியே வந்தது? பக்கிங்காம் கால்வாய் வழியே! உப்பும் நெல்லும் வந்த அதே வழியே வந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் பரந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னைப் பெட்ரோலியக் கார்ப்பரேஷன் ஆலையைச் சுட்டிக்காட்டியது. தங்கள் குழாயில் கசிவு ஏதுமில்லை என்றது ஆலை நிர்வாகம். பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இதற்கிடையே எண்ணெய் காத்திருக்கவில்லை. காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று கரையோரக் குப்பங்களின் படகு கறுத்தது, வலை கறுத்தது, கண்டல் மரத்தின் அடி கறுத்தது. இறால் இல்லை, நண்டு இல்லை, மடவை இல்லை. பிடிபட்டதை வாங்கவும் ஆளில்லை. எண்ணூர் மீன் என்றால் சந்தையில் முகம் சுளித்தார்கள்.

அள்ளியது யார் அந்த எண்ணெயை? கவசமும் கையுறையும் அணிந்த நிபுணர் கூட்டமா முதலில் இறங்கியது? கையில் குவளையும் வாளியுமாக முதலில் இறங்கினவர் மீனவத் தோழர்கள். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்றார்களே, அந்தப் படத்தை ஏடுகளில் பார்த்தீர்களல்லவா? நாம் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். 1877 இல் ஒரு ராத்தல் தானியத்துக்கு மண் வெட்டியவன் பேரன்போலவே தெரிந்தான். அன்று வெட்டக் கூப்பிட்டார்கள். இன்று அள்ளக் கூப்பிட்டார்கள். நிவாரணத் தொகை பின்னர் வந்தது; மறுக்கவில்லை. தொகை ஒரு முறை வரும். கெட்டுப்போன நீரில் நாளையும் மறுநாளும் வலை வீச வேண்டியவன் அவன்.

இப்போது சீரமைப்புக்கு வருவோம். திட்டங்களுக்குக் குறைவில்லை. கூவம், அடையாறு, பக்கிங்காம் மூன்றையும் மீட்க அறக்கட்டளை இருக்கிறது. 2008 இல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை இந்த வாய்க்காலையும் சேர்த்து நான்காவது தேசிய நீர்வழி என்று டில்லியில் சட்டமே இயற்றினார்கள். சட்டம் ஏறிற்று, சென்னைப் பக்கம் சரக்குத் தோணி ஏறவில்லை. தூண்களுக்கிடையே தோணி எப்படி நுழையும் என்று சட்டம் எழுதியவர்கள் வந்து பார்த்தார்களா என்பதே ஐயம்.

சியோல் நகரைப் பாருங்கள் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. பார்த்தோம். கொரிய நாட்டுத் தலைநகரில் சோங்கேசோன் என்றோர் ஓடை. சாக்கடையாகி, மூடப்பட்டு, அதன் மேல் உயர்மட்டச் சாலை போட்டுவிட்டிருந்தார்கள். 2003 இல் அந்தச் சாலையையே இடித்துத் தள்ளி, 2005 இல் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். அவர்கள் மேலே இருந்ததை இடித்தார்கள். நாமோ அந்த ஆண்டுகளில் மேலே கட்டிக்கொண்டிருந்தோம்! பாராட்டத்தக்க காரியம்தான். ஆனால் அந்த அறிஞர்கள் பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தெருவோரம் பிழைத்த நடைபாதை வியாபாரிகள் அங்கிருந்து அகற்றப்பட்டு, ஒரு மைதானத்துக்கும், பின்னர் வேறிடத்துக்கும் அலைந்தார்கள். ஓடையில் ஓடும் நீரும் பெரும்பாலும் ஆற்றிலிருந்து பம்பு வைத்து இறைத்து விடுவதே. அழகு வந்தது, உண்மை. அதற்கான விலையை யார் கொடுத்தார் என்பதும் உண்மை.

நம் ஊரிலும் அந்த விலையை யார் கொடுக்கிறார்? நீர்வழிச் சீரமைப்பு என்றதும் முதலில் வருவது அளவை நாடா. அடுத்து வருவது புல்டோசர். கரையோரக் குடிசைகளை அகற்றி, கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் அனுப்புகிறார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனும், மூலக்கொத்தளத்தில் இட்டிலி விற்கிறவளும் இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் என்ன செய்வார்கள்? பிள்ளையின் பள்ளிக்கூடம் போயிற்று, பிழைப்பு போயிற்று, பேருந்துக் கட்டணமாகக் கூலி போயிற்று. வெள்ளத்தில் மூழ்கும் கரையில் மக்கள் இருக்க வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. நல்ல வீடு, அருகிலேயே, வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில், கட்டி முடித்த பிறகு, கூப்பிட்டால் அவர்களே வருவார்கள். பக்கத்தில் இடமில்லை என்பார்கள் அதிகாரிகள். கிடங்குக்கு இடமிருக்கிறது, சரக்குப் பெட்டி அடுக்கும் முற்றத்துக்கு இடமிருக்கிறது, வாய்க்காலுக்குள்ளேயே இரயிலுக்கு இடமிருந்தது!

நாம் கேட்பது இது: வேலை வடக்கே தொடங்கட்டும், குழாயில் தொடங்கட்டும். நடைபாதையும் புல்வெளியும் விளக்குக் கம்பமும் பிறகு வைக்கலாம். திருவல்லிக்கேணிக் கரையில் வர்ணம் பூசினால் எண்ணூரில் இறால் வராது. மணலியிலிருந்து, கொடுங்கையூரிலிருந்து, ஓட்டேரி நல்லாவிலிருந்து, கேப்டன் காட்டன் கால்வாயிலிருந்து உள்ளே விழும் ஒவ்வொரு வாயும் எது, யாருடையது, என்ன கொண்டு வருகிறது என்று பெயர் போட்டுப் பொதுமக்கள் பார்க்கப் பட்டியல் வெளியாகட்டும். சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பப்படட்டும். எண்ணூர் முகத்துவாரத்துச் சாம்பலை அள்ளும் செலவு, சாம்பலைக் கொட்டியவர் கணக்கிலே எழுதப்படட்டும். கடல் நாளுக்கு இருமுறை உள்ளே வந்து போகட்டும். தூர் அள்ளும் வேலைக்கு எண்ணூர்ப் பிள்ளைகளையே, முழுக் கூலி, முழுக் கவசம் கொடுத்து எடுக்கட்டும். 'நிவாரண வேலை' என்ற பெயரில் அல்ல.

கொருக்குப்பேட்டை முதல் கத்திவாக்கம் வரை கரையோரம் குடியிருக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். வருகிற ஞாயிறு, காலைப் பொழுதில், நீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்து, அவரவர் பேட்டைக் கரையோடு நடந்து போங்கள். வாய்க்காலில் விழும் குழாய்களை எண்ணுங்கள். எத்தனை, எந்தத் தெருமுனை, என்ன நிறத்தில் நீர், எண்ணெய் வாடையா, சாக்கடை வாடையா, சுடுநீரா, இவ்வளவும் ஒரு காகிதத்தில் குறித்துக் கிளை அலுவலகத்தில் கொடுங்கள். குடிசைகளை எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. குழாய்ப் பட்டியல் நம்மிடம் இருக்கட்டும். பாலத்துக்குப் பாலம் பிரித்துக்கொண்டால் ஒரு ஞாயிறு போதும். எண்ணூர்ப் பக்கம் போகிறவர்கள் மீனவர்களையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். நீருக்கடியில் திறக்கும் வாய் எது எது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.